முசாபர் மகாலின் ஒன்பதாம் அறை

அத்தியாயம் 6

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டவை முசாபர் மகாலின் கதவுகள்தான். ஆனால் அவை கட்டடத்தில் இல்லை. ரோட்டோரம் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பழைய மரச்சாமான் வியாபாரி ஒருவர் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்தார்.

"லாட்ஜத் தேடிக்கினு வந்தோம். லாட்ஜே ரோட்டுக்கு வந்து நிக்குது சார்," என்றேன்.

பாஸ்கரன் சார் சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததும் இல்லை. துப்பறியும் நிலையம் ஆரம்பிப்பதற்கு முன்னால் அவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். செத்துவிட்டதாகச் சொல்லப்படுகிறவர் நிஜமாகவே செத்தாரா என்று போய்ப் பார்த்து வருவதுதான் வேலை. அந்த வேலையில் கொஞ்ச காலம் இருந்தால் யாருக்கும் சிரிப்பு வராது.

நான் வேம்புலி, அவருடைய உதவியாளன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். கம்பெனியை மூடியதும் திருமுல்லைவாயில் ரயில்வே கேட் பக்கத்தில், தையல் கடை மாடியில் இருக்கும் எங்கள் ஆபீசுக்கு வந்து சேர்ந்தேன். பெரும்பாலும் மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரிக்கிற வேலைதான். அதற்காகக் கூட உட்கார்ந்து நானும் குடிக்க வேண்டிவரும். தொழில் என்று வந்துவிட்டால் என்ன செய்வது!

எங்களோடு பஸ்ஸிலிருந்து இறங்கிய மூன்றாவது ஆள் சாமுண்டீஸ்வரி. மேனாம்பேட்டுக்காரர், அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பசை தடவுகிற வேலை. நெற்றியில் பெரிய குங்குமம், தலையில் பூ. அவருடைய கணவர் ராமன் எட்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதத்தில் வேலை போய், பெங்களூரில் வேலை தேடப் போகிறேன் என்று கிளம்பினார். விடியற்காலை பஸ்ஸைப் பிடிப்பதற்காக முந்தின ராத்திரி இந்த முசாபர் மகாலில் தங்கினார். அதற்குப் பிறகு அவரைப் பார்த்தவர்கள் இல்லை.

"பஸ் ஏறிட்டாரும்மா, நானே கண்ணால பாத்தேன்னு லாட்ஜ் ஓனர் ஷவுகத் பாய் சொன்னாரு," என்று சாமுண்டீஸ்வரி ஆபீசில் சொல்லியிருந்தார். "பாய் பொய் சொல்ற மனுசன் இல்ல. அந்தப் பேச்ச வச்சிக்கினுதான் பெங்களூர்ல தெருத் தெருவா தேடுனேன். இப்ப பொண்ணுக்கு ஆவணியில கல்யாணம். பத்திரிகை அடிக்கணும். பிரஸ்காரர் அப்பா பேருக்கு முன்னால இன்னா போடறதுன்னு கேக்கறாரு. நான் இன்னா சொல்றது?"

விஷயம் அவ்வளவுதான். ஆள் இருக்கிறாரா, இல்லையா? இருந்தால் பத்திரிகையில் பேர், மணவறையில் அம்மாவுக்கு இடம். இல்லையென்றால் அந்த இடமும் இல்லை, தலையில் இருக்கிற பூவும் இல்லை. பெங்களூர் பக்கம் நாங்கள் தட்டாத கதவு கிடையாது. ஒரு துரும்பும் சிக்கவில்லை. ரோட்டை அகலப்படுத்துவதற்காக நாளைக்கு முசாபர் மகாலை இடிக்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்த பிறகுதான், கடைசியாக இங்கேயும் ஒரு தடவை வந்து போகலாம் என்று கிளம்பினோம்.

வாசலில் நஜீர் பாய் நின்றுகொண்டிருந்தார். ஷவுகத் பாயின் மகன். அப்பா இறந்து போனபின் லாட்ஜ் அவர் கைக்கு வந்திருந்தது. மரச்சாமான் வியாபாரியிடம் விலையை ஏற்றுவதற்காக ஒவ்வொரு கதவுக்கும் ஒரு வரலாறு சொல்லிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கேட்க இன்னும் மூன்று பேர் கிடைத்த சந்தோஷம்.

"எங்க தாத்தா காதர் சாயபு கொள்ளு வியாபாரி சார். ஆற்காடு பக்கமிருந்து கொத்தவால்சாவடிக்குப் போற வண்டியெல்லாம் இங்கதான் அவுத்துப் போடுவாங்க. மாட்டுக்குக் கொள்ளு, மனுசனுக்குக் கட்டில். சண்டைக் காலத்துல ஆவடி கேம்ப்லேந்து வெள்ளக்கார சோல்ஜருங்க வந்து படுத்தாங்க. அதோ அந்தக் கதவுல ஒருத்தன் அவன் பொஞ்சாதி பேரக் கத்தியால கீறி வச்சிருக்கான். அப்புறம் சினிமாக்காரங்க. இந்தப் படிக்கட்டுல கத்திச் சண்டை எடுத்தாங்க."

"இன்னா படம் பாய்?" என்றேன் ஆவலாக.

"வெளியே வரல."

"பொட்டில பூட்டி வச்சிட்டாங்களா?"

"கத்திச் சண்டைல ஹீரோ நிஜமாவே உருண்டு விழுந்துட்டாரு."

அதற்கப்புறம் அம்பத்தூர் எஸ்டேட் வந்திருக்கிறது. அப்போது முசாபர் மகால் மறுபடி நிரம்பிவழிந்தது. ஒரு கட்டிலைப் பகல் ஷிப்ட்காரனும் ராத்திரி ஷிப்ட்காரனும் பங்கு போட்டுக்கொள்வார்கள். கட்டில் சூடு ஆறுவதே இல்லை என்றார் நஜீர் பாய். எனக்கு அது நன்றாகவே தெரியும். என் மாமா ஒருவர் கல்யாணம் ஆகும்வரை அந்தச் சூட்டில்தான் படுத்திருந்தார். இப்போது கம்பெனிகள் மூடுகின்றன. ஆட்கள் சொந்த ஊரைப் பார்க்கத் திரும்பிப் போகிறார்கள். கட்டில்கள் ஆறிவிட்டன.

"இத தூசி மகால்னும் சொல்லுவாங்களே?" என்றார் பாஸ்கரன் சார் திடீரென்று.

நஜீர் பாயின் முகம் மலர்ந்தது. "கேள்விப்பட்டிருக்கீங்களா? அதுவும் தாத்தா போட்ட சட்டம் சார். தங்குனவர் பயணம் கெளம்பினா, அவரு போன கையோட ரூமப் பெருக்கக்கூடாது. சாயங்காலம்தான் தொடப்பம் எடுக்கணும். பொணம் எடுத்தாத்தானே உடனே பெருக்கிக் கழுவுவாங்க? உயிரோட போறவர் பின்னாடி அப்பிடிச் செய்யலாமா? ஒரு தடவை கலெக்டர் கேம்ப்லேந்து குமாஸ்தா மத்தியானமே வந்து, ரூம் குப்பையா கீதுன்னு கத்துனாரு. தாத்தா ரூமே கெடையாதுன்னுட்டாரு. இன்னி வரைக்கும் அந்தச் சட்டம் மாறல. வண்டிக்காரங்களுக்கு அதனாலதான் இந்த எடத்து மேல அவ்ளோ பிரியம்."

"எங்க ஊட்லயும் அதேதான்," என்றார் சாமுண்டீஸ்வரி மெதுவாக. "அவரு போன அன்னிக்கு நான் தொடப்பத்தத் தொடவே இல்ல. மறுநாளும் தொடல. குப்பையிலேயே சமைச்சேன்."

நஜீர் பாய்க்கு அப்போதுதான் அவரை அடையாளம் தெரிந்தது. வரலாறு சொல்லிய வாய் தானாக மூடிக்கொண்டது. "அத்தாவ வருசா வருசம் வந்து பாக்கறவங்கதானே நீங்க? நான் அந்த வருசம் சவுதில இருந்தேம்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது. அத்தா சொன்னதுதான் எனக்கும் தெரியும்."

நிஜமாகவே தெரியாது என்று அவருடைய முகமே சொல்லியது. இந்த வழியும் அடைத்துக்கொண்டது. "டீ சாப்பிடலாம்," என்றார் பாஸ்கரன் சார். வழி அடைத்துக்கொண்டால் அவர் சொல்வது எப்போதும் அதுதான்.

மகால் சுவரோடு ஒட்டியிருந்தது தேவராஜின் டீக்கடை. அதற்கும் நாளைக்குத்தான் கடைசி நாள். தேவராஜ் அதைப்பற்றிப் பேசவே இல்லை. பாலை ஆற்றுகிற உயரத்தையும் குறைக்கவில்லை.

"பாய் தங்கமான மனுசன்," என்றார் ஷவுகத் பாயைப் பற்றி. "எனக்கும் அவருக்கும் ஒரே ஒரு நாள்தான் சண்டை. நான் கடை போட்ட வருசம். இங்க ஆடி மாசம் தீமிதி நடக்கும். மறுநாள் காலைல யாவாரம் பிச்சிகினு போவும். அன்னிக்குப் பாத்து, நான் அடுப்பு பத்த வச்ச நேரம், மகால்லேந்து தண்ணி திமு திமுன்னு வந்துச்சு. சுவருக்குக் கீழ ஒரு ஓட்டை கீது பாருங்க, அது வழியா. அடுப்பு அணஞ்சு கரியெல்லாம் மெதக்குது! 'யோவ் பாய், இன்னாய்யா காலங்காத்தால கழுவறே'ன்னு கத்துனேன். மனுசன் வந்து நின்னாரு. ஒரு வார்த்தை பேசல. கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சு. எனக்கே பாவமாப் போச்சு."

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். பாஸ்கரன் சார் வைக்கவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் கேட்டார்.

"எந்த வருஷம்?"

"என் மூத்தவன் பொறந்த வருசம். அவனுக்கு இப்ப எட்டு முடிஞ்சுச்சு."

"அந்த ஓட்டை எந்த அறையோடது?"

"ஒம்பதாம் நம்பரு. மாடிப்படிக்குக் கீழ கீறது."

சாமுண்டீஸ்வரி பெஞ்சின் மறுமுனையில் கிளாசைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ராமன் தங்கியது தீமிதி அன்று ராத்திரி. கூட்டத்தில் வேறு இடமில்லாமல் மாடிப்படிக்குக் கீழே படுத்தார் என்று பாய் சொன்னதாக எங்களுக்குச் சொன்னதும் அவர்தான். அவர் காதில் இது விழுந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. விழாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். விழாமல் எப்படி இருக்கும்?

"தீமிதி மறுநாள் பாய் கஞ்சி ஊத்துவாராமே?" என்றார் பாஸ்கரன் சார், சாமுண்டீஸ்வரி ஆபீசில் சொன்னதை நினைவு வைத்துக்கொண்டு.

"ஆமா. அத்தா சொல்லிட்டுப் போனாருன்னு இப்ப புள்ளையும் ஊத்தறாரு. தாத்தா காலத்துலேந்து நடக்குதுன்னு சொல்வாரு பாருங்க, அது டூப்பு! அந்தச் சண்டைக்கு அடுத்த வருசம்தான் ஆரம்பிச்சாரு. எனக்குத் தெரியாதா? அன்னிக்கு என் டீ யாவாரம் படுத்துடும்!"

பாஸ்கரன் சார் எழுந்தார். "பெருக்கறது யாரு அங்க?"

"பஞ்சவர்ணம். அதுக்கு மகால்தான் ஊடு. உள்ளதான் கீது."

பஞ்சவர்ணம் கூடத்தில் பித்தளைச் செம்புகளைக் கோணிப்பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, வெள்ளைப் புடவை. சாமுண்டீஸ்வரியைப் பார்த்ததும், "வாம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். பாஸ்கரன் சார் எதுவும் கேட்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு நேராக ஒன்பதாம் அறைக்குள் போனார். கதவு இல்லாத அறை. ஒரு கயிற்றுக் கட்டில், சுவரில் ஓர் ஆணி, தரையில் மூலையில் அந்த ஓட்டை. கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். பையிலிருந்து வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்து, தோலையெல்லாம் தரையில் ஊதிவிட்டார்.

"சார், இடிக்கப்போற கட்டடத்துல இன்னா சார் இது," என்றேன்.

"சும்மா இரு வேம்புலி." வெளியே வந்து பஞ்சவர்ணத்திடம் சொன்னார்: "நாங்க கிளம்பறோம்மா. உள்ள குப்பை போட்டுட்டேன். கொஞ்சம் பெருக்கிடுங்க."

"இருக்கட்டும்யா. சாயங்காலம் பெருக்கிக்கறேன்."

"நாளைக்கு இடிக்கப்போறாங்க. சாயங்காலம் என்ன, இப்பவே பெருக்கிடுங்களேன்."

"போன காலோட பெருக்கமாட்டோம்யா," என்றார் பஞ்சவர்ணம், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "நீங்க நல்லபடியா ஊடு போய்ச் சேருங்க. நாளைக்கு இடிஞ்சாலும் பரவாயில்ல. இந்தக் கையால அப்பிடிப் பெருக்குனதே இல்ல."

"ஒரு தடவை செஞ்சீங்களேம்மா. தீமிதிக்கு மறுநாள். இதே அறை. பெருக்கி, கழுவியும் விட்டீங்க."

பஞ்சவர்ணம் கோணிப்பையின் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றார். நஜீர் பாய் வாசலிலிருந்து உள்ளே வந்தார். அப்புறம் பஞ்சவர்ணம் மெல்லக் கீழே உட்கார்ந்து, பாஸ்கரன் சாரை விட்டுவிட்டு சாமுண்டீஸ்வரியைப் பார்த்தார்.

"செத்த எடத்தக் கழுவாம எப்பிடிம்மா உடறது? பாய், வாணாம் பஞ்சவர்ணம், யாருனா பாத்துடுவாங்கன்னாரு. பொய் சொல்லச் சொன்னா சொல்லிடலாம். இது முடியல. கை தானா தண்ணி மொண்டுச்சு."

சாமுண்டீஸ்வரி பஞ்சவர்ணத்தின் எதிரில் போய் உட்கார்ந்தார். "எப்பிடி?" என்றார்.

"விடியக்காலை பஸ்ஸுக்கு எழுப்பச் சொல்லியிருந்தாரு. எழுப்பப் போனேன். மார்ல கைய வச்சிக்கினு ஒருக்களிச்சு கெடந்தாரு. ஒடம்பு ஜில்லுன்னு கீது. மகால் முழுக்க தீமிதிக்கு வந்த சனம். பாய் பயந்துட்டாரும்மா. போலீஸ் வரும், பூட்டு போடுவாங்கன்னு. பேரு தெரியாது, ஊரு தெரியாது. இங்க அதெல்லாம் கேக்கற பழக்கமே இல்ல. பொழுது விடியறதுக்குள்ள என் ஊட்டுக்காரர் வீராசாமியும் பாயும் பின்பக்கமா எடுத்துக்கினு போனாங்க."

"எங்க புதைச்சீங்க?" என்றேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"புதைக்கல தம்பி. நெத்தில துண்ணூறு இருந்துச்சு. பாய்தான் சொன்னாரு, அவங்க மொறைப்படி செய்யணும்னு. சுடுகாட்டுல என் ஊட்டுக்காரர் 'என் தம்பி'ன்னு சொன்னாரு. அவரே கொள்ளி வச்சாரு. மொட்டை போட்டுக்கினாரு. சாம்பல கூவத்துல கரைச்சுட்டு வந்தாரு." சொல்லிவிட்டு, சாமுண்டீஸ்வரியின் கையைப் பிடித்தார். "அனாதையா போகலம்மா. அதுக்கு மட்டும் நான் சத்தியம் பண்றேன்."

"நான் வந்தேனே," என்றார் சாமுண்டீஸ்வரி. "அந்த வாரமே போட்டோ எடுத்துக்கினு வந்தேனே."

"வந்தே. நெத்தி நெறைய குங்குமம். கையப் புடிச்சிக்கினு அந்தப் பொண்ணு. பாய் சொல்லணும்னுதான் வாயத் தொறந்தாரு. பஸ் ஏறிட்டாருன்னு வந்துடுச்சு. நீ சிரிச்சிக்கினே போனே. அத அப்புறம் எப்பிடித் திருப்பி வாங்கறது? ஒவ்வொரு வருசமும் நீ வருவே. ஒவ்வொரு வருசமும் இந்தத் தடவை சொல்லிடறேன்பாரு. உன் மூஞ்சப் பாத்ததும் உள்ள ஓடிடுவாரு."

"அந்தக் கஞ்சி?"

பஞ்சவர்ணம் பிடித்திருந்த கையை விட்டுவிட்டார்.

"அவருக்குத்தானா? அவரு செத்த நாளைக்கா?" சாமுண்டீஸ்வரியின் குரல் உயரவே இல்லை. "அத நான் வருசா வருசம் இங்க உக்காந்து குடிச்சேனே. நல்லா கீது பாய்னு சொல்லிக் கேட்டு வாங்கிக் குடிச்சேனே."

நஜீர் பாய் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மகாலின் வரலாற்றில் இந்தப் பக்கத்தை அவருடைய அப்பா அவருக்குச் சொல்லாமலே போய்விட்டார். எனக்கு ஷவுகத் பாய்மேல் பொல்லாத ஆத்திரம் வந்தது. அவரைத் திட்ட வாயைத் திறந்தேன். திட்டுவதற்கு அவரும் இல்லை. கொள்ளி வைத்த வீராசாமியும் இல்லை. நாளைக்கு இந்தச் சுவரும் இருக்காது. யாரைப் பிடித்து உலுக்குவது?

ஆவடி பஸ்ஸில் திரும்பும்போது பாஸ்கரன் சார்தான் முதலில் பேசினார். "அம்மா, ரிப்போர்ட் எழுதணும். என்ன எழுதட்டும்?"

சாமுண்டீஸ்வரி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தலையில் காலையில் வைத்த பூ அப்படியே இருந்தது. பருத்திப்பட்டு தாண்டியதும்தான் சொன்னார்.

"இப்ப சொன்னா, சாவு சேதி கேட்ட ஊடுன்னு கல்யாணத்த நிறுத்துவாங்க. பையன் ஊட்ல இதான் சாக்குன்னு ஒதுங்கிடுவாங்க. நான் பந்தல் ஓரமா நின்னு என் பொண்ணு தாலி வாங்கறதப் பாக்கணுமா?" பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "பத்திரிகைல பேரு இருக்கட்டும். தாலி கட்டற வரைக்கும் அவரு பெங்களூர்லயே இருக்கட்டும். நீங்க எழுதாதீங்க சார்."

பாஸ்கரன் சார் தலையை மட்டும் ஆட்டினார். செத்தவர் செத்தாரா என்று கண்டுபிடிப்பதில் பேர்போன மனுஷர், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரை உயிரோடு விட்டுவிட்டார். அவருக்கு ஏதாவது ஜோக் சொல்லலாம் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

மறுநாள் காலை ராமனின் போட்டோவைத் திருப்பிக் கொடுப்பதற்காக மேனாம்பேடு போனேன். தெருமுனையிலேயே தண்ணீர் சத்தம் கேட்டது. சாமுண்டீஸ்வரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீட்டை உள்ளேயிருந்து வாசல்வரை கழுவிக்கொண்டிருந்தார். குடம் குடமாகத் தண்ணீர். என்னைப் பார்த்தார். நிறுத்தவில்லை. போட்டோவை வாங்கிக்கொள்ளவும் வரவில்லை.

வாசலில் மகள் சாமான்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அப்பாவின் மூக்கு, போட்டோவில் இருப்பதுபோலவே.

"இன்னாண்ணா இது, பொழுது விடியறதுக்கு முன்னாலேந்து கழுவிக்கினே கீது எங்கம்மா? கேட்டா கல்யாண ஊடுன்னுது." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நேத்து அப்பாவப் பத்தி எதுனா தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுச்சும்மா," என்றேன். "பெங்களூர்லதான் கீறாரு."

அவள் முகத்தைப் பார்த்ததும், உள்ளே ஓடிவிடலாமா என்றிருந்தது.

"கல்யாணத்துக்கு வருவாரா?"

"லீவு கெடச்சா வருவாரு."

உள்ளே இன்னொரு குடம் கவிழ்ந்தது. தண்ணீர் வாசற்படி தாண்டி வந்து, என் செருப்பை நனைத்துக்கொண்டு தெருவில் ஓடியது.